பல்லுக்குக் கம்பி போடும் முன்னும் பின்னும்: பயனுள்ள குறிப்புகள்

பிள்ளைக்குப் பல் எடுப்பாக இருக்கிறது, கம்பி போட்டுவிடலாம் என்று தீர்மானித்த வீட்டில் பேச்சு முழுக்க எவ்வளவு செலவாகும், எப்போது கழற்றுவார்கள் என்பதைச் சுற்றியே ஓடும். பல்லை நகர்த்துவது டாக்டர் வேலை. அது நகர்கிற ஒன்றரை, இரண்டு வருடமும் சொத்தை விழாமல் பார்த்துக்கொள்வதும், நகர்ந்து வந்த இடத்திலேயே நிறுத்திவைப்பதும் நம் வேலை. வரிசை அழகாக அமைந்தும், பல்லெல்லாம் வெள்ளைத் திட்டும் சொத்தையுமாகக் கம்பியைக் கழற்றும் பிள்ளைகளைப் பார்க்கையில் மனம் பொறுக்காமல்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். கம்பி போடும் முன்பே ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

1. குழந்தைக்கு 7 வயதாகும்போது பல் சீரமைப்பு நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் சொல்லும் வயதும் இதுதான். 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். முன்பற்களும் விழுந்து முளைக்கத் தொடங்கியிருக்கும். தாடை எப்படி வளர்கிறது என்பது அப்போதே ஓரளவு தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, "இப்ப ஒண்ணும் வேண்டாம், வருஷம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். ஆனால் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கிற பிள்ளைக்கு, தாடை வளர்கிற வயதிலேயே சரிசெய்வது சுலபம். வளர்ச்சி முடிந்த பிறகு அதே குறைக்குத் தாடை அறுவைசிகிச்சை வரை போகவேண்டி வரலாம்.

2. 8 வயதில் மேல் முன்பற்கள் விலகி நடுவில் சந்தோடு நிற்கிறதா? பதற வேண்டாம். ஈறுக்குள்ளே கோரைப்பல் இறங்கி வரும் வழியில் பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் வரும் விலகல் அது. 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்ததும் சின்னச் சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

3. கீழ் முன்பல், பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையாக முளைப்பதும் 6, 7 வயதில் சகஜம். பால் பல் விழுந்துவிட்டால் நாக்கே புதுப்பல்லை முன்னே தள்ளிக் கொண்டுவரும். இரண்டு மூன்று மாதமாகியும் பால் பல் அசையவே இல்லை என்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடலாம்.

4. "விழப்போகிற பல்தானே" என்று பால் பல் சொத்தையை விட்டுவிடாதீர்கள். பால் பற்களில் கடைசிக் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரை இருக்கவேண்டியது. கீழிருந்து வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்துவைத்திருப்பதே அதுதான். 6, 7 வயதில் அதைப் பிடுங்கிவிட்டால் பின்னால் நிற்கும் பெரிய கடைவாய்ப்பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு முளைக்கிற பல் இடமில்லாமல் வரிசை தப்பி நிற்கும். வேறு வழியின்றிப் பிடுங்கத்தான் வேண்டுமென்றால், அந்த இடம் மூடிவிடாமல் பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டிவிடுவார்கள், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் ஆகக்கூடிய கம்பிச் செலவை நினைத்தால் இது சின்னச் செலவு.

5. விரல் சூப்பும் பழக்கம் 4 வயதுக்குள் நின்றுவிட்டால் பல்லில் பெரிய பாதிப்பு தங்காது. நிரந்தரப் பல் முளைக்கும் வயதிலும் தொடர்ந்தால் மேல்பல் முன்னே தள்ளும், மேலும் கீழும் சேராமல் நடுவில் திறந்தே நிற்கும். வேப்பெண்ணெய் தடவுவதும், சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும் வேண்டாம். பயந்த பிள்ளை போர்வைக்குள் இன்னும் அதிகமாகச் சூப்பும். விரல் சூப்பாமல் தூங்கி எழுந்த நாளைக் காலண்டரில் குறித்துப் பாராட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் வாய்க்குள் மாட்டும் சாதனம் இருக்கிறது. வாயைத் திறந்தபடி தூங்கி, குறட்டையும் விடுகிற பிள்ளையைப் பல் டாக்டருக்கு முன்பே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு மூக்கு வழியாக ஓடாதவரை கம்பி போட்டும் பலன் நிலைக்காது.

6. யாரிடம் போவது? பி.டி.எஸ். படித்தவர் பல் மருத்துவர். அதற்கு மேல் 3 வருடம் பல் சீரமைப்பையே பாடமாக எடுத்து எம்.டி.எஸ். முடித்தவர்தான் இந்தத் துறை நிபுணர். பல கிளினிக்குகளில் நிபுணர் மாதத்தில் சில நாள் மட்டும் வந்துபோவார். அதில் தவறில்லை. அவர் வராத நாளில் கம்பி குத்தினால் யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே, முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ இவையெல்லாம் எடுத்துப் பார்த்த பிறகே திட்டம் சொல்ல வேண்டும். வாயைப் பார்த்த மாத்திரத்தில் "நாளைக்கே போட்டுடலாம்" என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள். சொல்லும் தொகையில் என்னென்ன அடங்கும் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள்: பல் பிடுங்குவது, இடையில் செய்யும் க்ளீனிங், பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் கழன்றால் திரும்ப ஒட்டுவது, பல் திரும்ப நகராமலிருக்கக் கடைசியில் தரும் ரீடெய்னர். ரீடெய்னருக்குத் தனிப் பணம் என்பது பலருக்குக் கம்பி கழற்றும் அன்றுதான் தெரியவருகிறது.

8. "நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்றாங்களே!" என்று அதிர்ச்சி அடையாதவர் இல்லை. தாடை சிறியது, பல் பெரியது என்றால் வரிசைக்கு வர இடம் வேண்டும். அதற்காகக் கோரைப்பல்லை அடுத்துள்ள சின்னக் கடைவாய்ப்பல்லை, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு, எடுப்பார்கள். பிடுங்கிய இடம் சிகிச்சை முடிவதற்குள் மூடிவிடும். பிறர் கண்ணுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பிடுங்க வேண்டியதுமில்லை. சிலருக்குப் பற்களுக்கு இடையே இம்மி அளவு ராவியோ, தாடையைச் சற்று அகலப்படுத்தியோ இடம் எடுக்கலாம். ஏன் பிடுங்க வேண்டும், பிடுங்காவிட்டால் முகவாட்டம் எப்படி அமையும் என்று டாக்டரிடம் எக்ஸ்ரேயை வைத்தே விளக்கச் சொல்லுங்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போகாது.

9. கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது கம்பி போட வராதீர்கள். சாதாரணமாக 18 முதல் 24 மாதம் ஆகும் சிகிச்சை இது. பெண் பார்க்க வருவதற்குள் முடியட்டும் என்று அவசரப்படுத்தும் அம்மாக்களுக்கு, "ரெண்டு மூணு உட்காரலில் வரிசையாக்கிடலாம்" என்று ஒரு குறுக்குவழியைச் சில இடங்களில் சொல்வார்கள். அது பல்லை நகர்த்துவது அல்ல. நல்ல முன்பற்களை நாலாபுறமும் ராவி, சிலவற்றுக்கு வேர் சிகிச்சையும் செய்து, மேலே கேப் மாட்டுவது. ராவிய எனாமல் இந்த ஜென்மத்தில் திரும்ப வளராது. கேப்பும் ஆயுள் முழுக்க வராது; சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இருபது சொச்சம் வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ, சொத்தையே இல்லாத பல்லில் இதைச் செய்வதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தேதி நெருங்கிவிட்டதா, கல்யாணம் முடிந்தபின் கம்பி போடுங்கள். அல்லது கம்பியோடே மணமேடை ஏறுங்கள். இன்று யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை.

10. எந்த வகை நல்லது? உறுதிக்கும் செலவுக்கும் உலோகக் கம்பிதான் முதலிடம். பல் நிறத்தில் வரும் செராமிக் பிராக்கெட் வெளியே தெரியாது, ஆனால் சீக்கிரம் உடையும். அதன்மேல் மாட்டும் வெளிர் நிற ரப்பர் வளையம் நம் வீட்டுச் சாப்பாட்டில் உள்ள மஞ்சளால் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். சாம்பாரும் மீன் குழம்பும் தினம் உண்கிறவர்கள் வளையத்துக்குச் சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்குங்கள். கழற்றி மாட்டும் அலைனர், சொன்னபடி கேட்கிறவர்களுக்கு மட்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

11. நாதஸ்வரமோ புல்லாங்குழலோ கற்கும் பிள்ளை என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். உதடு பழக நாளாகும். அரங்கேற்றம், போட்டித் தேதிகளைத் தள்ளிக் கம்பி போடலாம்.

12. கம்பி ஒட்டும் முன் சொத்தை முழுவதும் அடைக்கப்பட வேண்டும். ஈறில் ரத்தக்கசிவு நின்றிருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஃப்ளோரைடு மிகுதியால் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பிரச்சினையால்தான். அந்த எனாமலில் பிராக்கெட் சரியாக ஒட்டாமல் அடிக்கடி கழன்று வரலாம். எந்த ஊரில் வளர்ந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற முறையில் ஒட்டுவார்.

13. சர்க்கரை நோய், இதய வால்வுக் கோளாறு, எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் மாத்திரை, ஊசி, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். எலும்புத் தேய்மான மருந்துகளில் சில பல் நகர்வதையே தடுக்கும். கவரிங் நகை, கைக்கடிகாரப் பட்டை பட்டால் அரிப்பு வருகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கம்பியில் நிக்கல் கலந்திருக்கிறது.

14. போடும்போது வலிக்காது. நாலைந்து மணி நேரம் கழித்துத் தொடங்கி மறுநாள் உச்சத்துக்குப் போய், நான்கைந்து நாளில் அடங்கும். அந்த நாட்களுக்கு இட்லியைப் பாலில் அல்லது சாம்பாரில் ஊறவைத்தும், குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், இடியாப்பம், பயத்தங்கஞ்சி, கேழ்வரகுக் கூழ் என்றும் கொடுங்கள். எந்த மாத்திரை என்பதைக் கம்பி போடும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பாரசிட்டமால்தான் சொல்வார்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் பல் நகர்வது மந்தப்படலாம்.

15. கன்னத்தின் உள்பக்கமும் உதடும் உரசிப் புண்ணாவது முதல் இரண்டு வாரம் இருக்கும். அதற்கென்று தரும் மெழுகில் பயறு அளவு கிள்ளி உருட்டி, குத்தும் பிராக்கெட்டைப் பஞ்சால் துடைத்து ஈரம் போக்கியபின் மேலே அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டாது, பலர் மெழுகு நிற்கவில்லை என்பது இதனால்தான். வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்தால் புண் ஆறும்.

16. சாப்பாட்டில் கடித்து உடைக்கும் எதுவும் ஆகாது. முறுக்கு, சீடை, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி, சோளப்பொரி, தேங்காய்ச் சில்லு, எலும்பு. தீபாவளியும் பொங்கலும் முடிந்த வாரத்தில்தான் கழன்ற பிராக்கெட்டோடு கிளினிக்கில் கூட்டம் சேரும். கொய்யா, ஆப்பிள், கேரட் எல்லாம் சாப்பிடலாம். துண்டு போட்டு, கடைவாயில் வைத்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கடிக்கக் கூடாது. முருங்கைக்காயைப் பல்லால் இழுக்காமல் சதையை வழித்துக் கொடுங்கள். மாங்கொட்டை சப்புவதைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒட்டும் சாக்லேட், ஜவ்வு மிட்டாய், பபிள்கம் மூன்றும் கூடவே கூடாது. பேனா மூடி, நகம் கடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

17. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லைக் கெடுக்கிறது. ஒவ்வொரு முறை சர்க்கரை உள்ளே போகும்போதும் கிருமிகள் அமிலம் சுரக்கும். அது தணிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஜாங்கிரியைச் சாப்பாட்டோடு தின்று வாய் கழுவுகிறவரைவிட, ஒரு பாட்டில் குளிர்பானத்தை மதியம் முழுக்கச் சப்புகிறவருக்குத்தான் சொத்தை. நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர்கள் மூன்றிலாவது சர்க்கரையை நிறுத்துங்கள்.

18. இனி பல் தேய்ப்பது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாய் கொப்பளிக்க வேண்டும். காலையிலும் இரவு தூங்கும் முன்னும் தேய்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் ஒட்டியிருக்கும் சாதம் விடிய விடியப் பல்லைத் தின்னும்.

முதலில் வெறும் நீரை வாயில் ஊற்றி நன்றாக அலசித் துப்புங்கள். மென்மையான பிரஷ், நடுவில் பள்ளமாக நறுக்கிய, கம்பிக்கென்றே விற்கும் பிரஷ் என்றால் இன்னும் நல்லது. ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட் பட்டாணி அளவு போதும். பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, முதலில் கம்பிக்கு மேலே, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் ஒவ்வொரு பல்லாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். அடுத்து கம்பிக்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று. மூன்றாவதாக பிராக்கெட்டின் முகத்திலேயே நேராக ஒரு சுற்று. பிறகு உள்பக்கம், கடிக்கும் பக்கம். கடைசியாக மெலிந்த இடைப்பல் பிரஷ்ஷை எடுத்து, கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக நுழைத்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் இழுத்துவிடுங்கள். மொத்தம் ஐந்து நிமிடமாவது ஆகும். இரண்டு நிமிடத்தில் குளியலறையை விட்டு வெளியே வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள்.

முடித்ததும் ட்யூப்லைட்டுக்குக் கீழே கைக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு பிராக்கெட்டின் நான்கு ஓரமும் கோடு போல் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஓரம் மங்கலாக, வெளிர் மஞ்சளாகப் படிந்திருந்தால் அங்கே அழுக்கு இருக்கிறது, மறுபடியும் தேயுங்கள். பேஸ்ட்டைத் துப்பினால் போதும், குவளை குவளையாகக் கொப்பளித்து ஃப்ளோரைடைக் கழுவிவிடாதீர்கள்.

19. பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் படி. சரியாகத் தேய்க்காத வாயில் நான்கே வாரத்தில் வரும். ஆரம்பத்தில் கவனித்தால் ஃப்ளோரைடு பூசி நிறுத்தலாம். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். கம்பி கழற்றிய பிறகும் பிராக்கெட் இருந்த இடம் தனியாகத் தெரியும் முன்பற்களுக்குக் காரணம் கம்பியோ பசையோ அல்ல, தேய்க்காததுதான்.

20. செங்கல் பொடி, சாம்பல், உப்புக்கரி, கடையில் இப்போது விற்கும் கரிப் பேஸ்ட் எல்லாம் எனாமலை உரசித் தேய்ப்பவை. வேப்பங்குச்சியால் கம்பிக்கு இடையில் துலக்க முடியாது. மென்ற நார் கம்பியில் சிக்கிக்கொள்ளும். சிகிச்சை முடியும்வரை பிரஷ்ஷுக்கு வந்துவிடுங்கள்.

21. ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அழுக்கு சேர்வதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. மென்மையாக, ஆனால் விடாமல் தேய்த்தால் ஒரு வாரம் பத்து நாளில் நிற்கும். நிற்காவிட்டால் க்ளீனிங் செய்ய வேண்டும். க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது வெறும் பயம். அழுக்கு இறுகிப் படிந்த காரை போனபின் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கம்பி இருக்கும் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள்.

22. மேல் கொக்கியிலிருந்து கீழ் கொக்கிக்கு மாட்டும் சின்ன ரப்பரைச் சொன்ன நேரம் முழுவதும் போட வேண்டும். இழுவை குறைந்துவிடும் என்பதால் தினமும் புதிதாக மாற்ற வேண்டும். இன்று மறந்துவிட்டோமே என்று நாளைக்கு இரண்டு ரப்பர் மாட்டாதீர்கள்.

23. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போவதைத் தவறவிடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. பல் எலும்போடு நேராக ஒட்டியிருக்கவில்லை. நுண்ணிய நார்கள் அதை எலும்புக் குழிக்குள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கம்பி மெல்லத் தள்ளும்போது அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு உருவாகி இடத்தை நிரப்புகிறது. இப்படி மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். அதிகம் இறுக்கினால் வேகம் கூடாது. வலி கூடும், வேரின் நுனி தேய்ந்து குட்டையாகும் அபாயமும் கூடும்.

24. கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால், பென்சில் முனை ரப்பரைச் சுத்தமாகக் கழுவி அதனால் மெல்ல உள்ளே மடக்குங்கள், மடங்காவிட்டால் மெழுகு. கழன்ற பிராக்கெட்டைப் பத்திரமாக எடுத்துவைத்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள். பிராக்கெட்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

25. கபடி, கிரிக்கெட், கூடைப்பந்து ஆடும் பிள்ளைக்குக் கம்பிக்கு மேலே போடும் வாய்க் கவசம் வாங்கிக் கொடுங்கள். நிரந்தரப் பல் அடிபட்டு முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல் கொள்ளாமல் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேருங்கள். திரும்பப் பொருத்த முடியும். இது கம்பி போடாத பிள்ளைகளுக்கும் பொருந்தும். பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

26. அலைனர் போட்டவர்கள் நாளில் 20 முதல் 22 மணி நேரம் அதை வாயில் வைத்திருக்க வேண்டும். சாப்பிட, காபி குடிக்கக் கழற்றி, வாயைச் சுத்தம் செய்து திரும்ப மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டே டீ குடித்தால் சர்க்கரை பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் தேங்கி நிற்கும். ஆபீஸில் மணிக்கொரு தடவை எதையாவது கொறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பணத்தை இதில் போடாதீர்கள்.

27. டாக்டரே பார்க்காமல் ஆன்லைனில் அச்செடுத்து அனுப்பி வாங்கும் அலைனர் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் தபாலில் அலைனர் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற கம்பெனி 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். வீடியோ பார்த்து, முன்பல் சந்தை மூட ரப்பர் பேண்ட் மாட்டுவது அதைவிட மோசம். ரப்பர் நழுவி ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்து, சொத்தையே இல்லாத பல்லை விழவைத்துவிடும்.

28. 40 வயதுக்கு மேல் போடலாமா? தாராளமாக. வயது தடையில்லை, ஈறும் எலும்பும் நன்றாக இருக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகை, வெற்றிலை பாக்கு, ஹான்ஸ் போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு வாருங்கள்.

29. படிப்புக்கோ வேலைக்கோ ஊர் மாறப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்ரே, அச்சு, போட்டோ, இதுவரை செய்த விவரம் அனைத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் ஏற்றுக்கொள்ளும் டாக்டர் குறைவு. ஒரே ஊரில் இருக்கப்போகும் இரண்டு வருடமாகப் பார்த்துத் தொடங்குவதே நல்லது.

30. பணமில்லை என்பதற்காகப் போலி டாக்டரிடம் போகாதீர்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைந்த கட்டணத்தில், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவ மருத்துவர்கள் செய்வார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், நேரம் அதிகம் பிடிக்கும். வேலை ஒழுங்காக நடக்கும்.

31. கம்பி கழற்றிய அன்று சிகிச்சை முடியவில்லை. பல்லைப் பிடித்திருக்கும் ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகும். அதுவரை பழைய இடத்துக்கே இழுக்கும். அதனால்தான் ரீடெய்னர். முதல் சில மாதம் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும், பிறகு டாக்டர் சொன்னபடி இரவில் மட்டும், அதுவும் வருடக்கணக்கில். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் நிரந்தரமாக ஒட்டும் மெல்லிய கம்பி என்றால், அதன் அடியில் காரை சேராமல் நூலோ இடைப்பல் பிரஷ்ஷோ தினமும் நுழைக்க வேண்டும். பல் திரும்பக் கோணினால் கடைசியாக முளைக்கும் ஞானப்பல்மீது பழி போடுவார்கள்; வரிசை கெடாமலிருக்க அதைப் பிடுங்க வேண்டும் என்பதற்கு ஆதாரமில்லை. பெரும்பாலும் ரீடெய்னர் டப்பாவிலேயே கிடந்திருக்கும்.

32. ரீடெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், நெளிந்துவிடும். குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். அதிகம் தொலைவது கல்யாணப் பந்தியில்: கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரம் வைப்பார்கள், சாப்பிட்டு எழுந்ததும் இலையோடு சேர்ந்து போய்விடும். கழற்றினால் டப்பா, இல்லையேல் வாய். மூன்றாவது இடமே கிடையாது என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். நாய் வளர்க்கும் வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள். தொலைந்தால் அந்த வாரமே புதிது செய்துகொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் பல் ஏற்கெனவே கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

33. முன்பு கம்பி போட்டுக் கழற்றி, ரீடெய்னரை மறந்துவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அலமாரியில் இருக்கும் டப்பாவை இன்று இரவே எடுத்துக் கழுவி மாட்டிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு முழுதாக உட்கார்ந்தால் இன்றிலிருந்தே தூங்கும்போது போடத் தொடங்கலாம். உட்காரவில்லையென்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். அதையும் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.